ஒளிக்கு மரக்கால் பிடித்தவர்

ஆண்டுதோறும் பிப்ரவரி 28ஆம் நாளை தேசிய அறிவியல் நாளாக அரசு கொண்டாடி வருகிறது. 1987இல் தொடங்கிய வழக்கம் அது. அன்றைக்குப் பள்ளிக்கூடங்களிலே தலைப்பாகை கட்டிய ஒருவரின் படத்துக்கு மாலை போடுவார்கள். பத்து நிமிஷம் பிரசங்கம் நடக்கும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். மிட்டாய் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். படத்திலிருக்கும் மனிதர் செய்தது என்ன, அது யாருக்குப் பயன்பட்டது, அதிலே உழைக்கும் மக்களுக்கு உள்ள பாத்தியதை என்ன என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

நன்னிலம் வட்டாரத்து விவசாயத் தொழிலாளத் தோழர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். கேட்பதற்கு நமக்குத் தனி உரிமையும் உண்டு. படத்திலிருக்கும் சி. வி. ராமனின் முன்னோர்கள், இதே காவேரிப் பாசனத்தில், பழைய தஞ்சை ஜில்லாவின் மாங்குடி, புரசக்குடிப் பக்கத்தில் நிலம் வைத்திருந்தவர்கள். அத்தகைய நிலங்களில் இறங்கி உழுது, நாற்று பறித்து, நட்டு, களையெடுத்து, அறுத்துக் களம் சேர்த்தவர்கள் நம் பாட்டன்மார்களும் பாட்டிமார்களும். ஒரே ஆற்றுத் தண்ணீர்தான் பாய்ந்தது. ஒரு வீட்டுப் பிள்ளை ஸ்டாக்ஹோம் நகரத்துக்குப் போய் நோபல் பரிசு வாங்கினான். இன்னொரு வீட்டுப் பிள்ளை மாடு மேய்த்தான். முன்னவனுடைய மேதைமையை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். பின்னவனுக்கு அந்த வாய்ப்பை மறுத்தது யார் என்று கேட்காமலும் இருக்கமாட்டோம். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு அவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

கணக்கு ஆபீஸில் ஒரு விஞ்ஞானி

ராமன் 1888 நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில், திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் ஆசிரியர். தாயார் பார்வதி அம்மாள். எட்டுக் குழந்தைகளில் ராமன் இரண்டாமவர். தந்தைக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் வேலை கிடைத்ததும் குடும்பம் அங்கே குடியேறியது. வீட்டிலே பெரிய சொத்து இல்லை. ஆனால் புத்தகங்கள் இருந்தன. ஏட்டறிவு பல தலைமுறையாக ஊறிய வீடு அது. பதினோரு வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904இல் பி.ஏ. பரீட்சையில் முதல் மாணவராகத் தேறி, பௌதிகத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். மாணவராக இருக்கும்போதே, 1906இல், லண்டனில் வெளிவந்த விஞ்ஞான ஏடு ஒன்றில் ஒளியைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை அச்சாயிற்று. அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

இத்தகைய மாணவனுக்கு அந்நாளைய இந்தியாவில் என்ன வழி இருந்தது? மேல்படிப்புக்குச் சீமைக்குப் போகலாம் என்றார்கள். உடலைப் பரிசோதித்த டாக்டர், அந்நாட்டுக் குளிரை இந்த உடம்பு தாங்காது என்று தடுத்துவிட்டார். இந்நாட்டில் தங்கினாலோ, ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார்ந்து பிழைக்க வழியில்லை. அடிமை நாட்டுக்கு விஞ்ஞானிகள் தேவையில்லை, குமாஸ்தாக்கள் போதும் என்பது வெள்ளை ஏகாதிபத்தியத்தின் கணக்கு. ஆகவே 1907இல் நிதி இலாகாப் பரீட்சை எழுதி, அதிலும் முதல்வராகத் தேறி, கல்கத்தாவில் உதவிக் கணக்காயராக வேலையில் அமர்ந்தார் ராமன். அதே ஆண்டில் லோகசுந்தரி அம்மாளை மணந்தார்.

கல்கத்தாவில் பௌபஜார் வீதியில் 210ஆம் எண் கட்டடத்தில் ஒரு பெயர்ப் பலகை தொங்கியது. இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் என்று அதில் எழுதியிருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர், மக்களிடம் நன்கொடை திரட்டி 1876இல் ஏற்படுத்திய சங்கம் அது. சர்க்கார் என்பது அவர் பெயர், அரசாங்கத்தின் சங்கமல்ல. இந்தியர்கள் தங்கள் காசில், தங்கள் முயற்சியில், தங்கள் ஆராய்ச்சியை நடத்த வேண்டும் என்பது அவருடைய கனவு. அவர் இருந்தவரையில் கனவு முழுதும் பலிக்கவில்லை. கருவிகள் தூசி படிந்து கிடந்தன. அந்த வாசலில் நுழைந்தார் இளைஞர் ராமன்.

அன்று முதல் பத்தாண்டுக் காலம் அவர் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தார். விடியுமுன் சங்கத்துக்குப் போவார். பகலெல்லாம் ஆபீஸ் கணக்கு. மாலையில் மீண்டும் சங்கம். இரவு வெகுநேரம் கழித்துத்தான் வீடு. இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றினார்கள்; அங்கேயும் ஆராய்ச்சியை விடவில்லை. 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்து புகழ்பெற்ற அசுதோஷ் முகர்ஜி, பாலித் அறக்கட்டளைப் பேராசிரியர் பதவிக்கு அவரை அழைத்தார். சீமையில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது அந்தப் பதவிக்கு விதி. பயிற்சிக்காகச் சீமைக்குப் போகமாட்டேன் என்று ராமன் மறுத்துவிட்டார். விதியைத்தான் மாற்றினார்கள். சம்பளமோ சர்க்கார் உத்தியோகத்தில் வாங்கியதில் ஏறக்குறைய பாதி. அந்தப் பாதிச் சம்பளத்துக்காக ஆபீஸை உதறிவிட்டு வந்தார் அவர்.

கதவைத் திறந்துவிட்டவர்

இந்த இடத்தில் இன்னொரு மனிதரை நாம் நினைக்க வேண்டும். மேடைகளில் அவர் பெயர் வருவதில்லை. அசுதோஷ் தே என்பது அவர் பெயர். அஷு பாபு என்று அழைப்பார்கள். விடியற்காலையில் ராமன் வந்தால் கதவைத் திறந்துவிட்டவர் அவர். கண்ணாடியைத் துடைத்து, கருவியைப் பொருத்தி, பழுது பார்த்து, இரவில் பூட்டிவிட்டுப் போனவரும் அவரே. இருபத்தைந்து ஆண்டுக்காலம் ராமனுடைய வலக்கையாக இருந்தார். பல்கலைக்கழகத்தின் வாசற்படியை அவர் மிதித்ததில்லை. அப்படிப்பட்டவர், லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டிலே தம் ஒருவர் பெயரில் கட்டுரை எழுதினார் என்றால், கையால் உழைப்பவனுக்கு மூளை இல்லை என்று சொல்லுவோர் என்ன பதில் சொல்லப் போகிறார்கள்?

அக்காலத்தில் ராமன் இசைக் கருவிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். வீணை, தம்பூரா, மிருதங்கம், தபேலா ஆகியவற்றை எடுத்துக்கொண்டார். சாதாரணத் தோலைக் கட்டி அடித்தால் எழும் ஒலிகள் ஒன்றுக்கொன்று சுருதி சேராது. வெறும் சத்தம்தான் வரும். மிருதங்கம் மட்டும் எப்படிச் சுருதி சேர்ந்து பேசுகிறது? வலந்தலையின் நடுவிலே கறுப்பாக அப்பியிருக்கிறதே கரணை, அதிலே இருக்கிறது சூட்சுமம். கறுப்புப் பொடியையும் சோற்றையும் குழைத்து, அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்து, அந்தக் கனத்தைச் சரியான அளவில் தோலின் நடுவில் ஏற்றும்போது, தோலின் அதிர்வுகள் ஐந்து சுரங்களாக ஒழுங்குபட்டு நிற்கின்றன என்று 1920லும் 1934லும் ராமன் எழுதிக் காட்டினார். உலகம் வியந்தது.

வியப்பு நியாயமானதே. ஆனால் அந்தக் கரணையைக் கண்டுபிடித்தது யார்? தோலைப் பதப்படுத்தி, வார் பிடித்து, காதால் கேட்டுக் கேட்டுத் தலைமுறை தலைமுறையாகச் செம்மைப்படுத்தியவர்கள் தஞ்சாவூரிலும் பிற ஊர்களிலும் வாழ்ந்த தோல் தொழிலாளர்கள். தோலைத் தொட்டதற்காக ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். அவர்கள் கைக்குத் தெரிந்திருந்ததை ராமன் கணக்காக எழுதினார். கை அறிந்ததும் விஞ்ஞானம், கணக்கு சொன்னதும் விஞ்ஞானம். ஒன்றுக்குப் பதக்கமும் மற்றதற்குத் தீண்டாமையும் கொடுத்த சமுதாயந்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது.

கடல் ஏன் நீலம்?

1921இல் இங்கிலாந்துக்குப் பல்கலைக்கழக மாநாடொன்றுக்குப் போய்விட்டு, நார்குண்டா என்ற கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார் ராமன். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைப் பிடித்து நிறுத்தியது. கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் பிரதிபிம்பம் என்று சொல்லி வைத்திருந்தவர் ராலே என்னும் இங்கிலாந்து நாட்டு மேதை. பெரியவர் சொல்லிவிட்டார், சரியாகத்தான் இருக்கும் என்று ராமன் இருந்துவிடவில்லை. கையிலிருந்த ஒரு சிறு பட்டகத்தைக் கண்ணில் பிடித்து, நீரின் மேலிருந்து பிரதிபலிக்கும் வெளிச்சத்தை அணைத்துவிட்டுப் பார்த்தார். வானத்தின் பிம்பம் மறைந்தது. கடலோ முன்னிலும் ஆழ்ந்த நீலமாக ஒளிர்ந்தது! நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடித்து நீலம் காட்டுகின்றன என்று விளங்கியது. கப்பல் பம்பாய்த் துறைமுகத்துக்கு வந்தபோதே கட்டுரை தயாராக இருந்தது.

பெரியவர் சொன்னாலும் சோதித்துப் பார் என்பதே இந்தச் சம்பவம் நமக்குச் சொல்லும் பாடம். விதி என்றும், தலையெழுத்து என்றும், பண்ணை சொன்னதே வேதம் என்றும் நம்ப வைக்கப்பட்ட மக்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் உண்டா?

மரக்கால் கணக்கு

கல்கத்தா திரும்பியதும் ராமனும் அவருடைய மாணவர்களும், திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராயத் தொடங்கினார்கள். 1923இல் கே. ஆர். ராமநாதன், சிதறிய ஒளியிலே வராத நிறம் ஒன்று மங்கலாகத் தெரிவதைக் கண்டார். அழுக்கினால் வருகிறதோ என்று திரவத்தைத் திரும்பத் திரும்பச் சுத்தப்படுத்தினார்கள். அது போகவில்லை. 1927 முடிவில் வெங்கடேஸ்வரன் என்பவர், கிளிசரினில் சிதறிய ஒளி நீலமாக வருவதற்குப் பதில் பசுமையாக வருவதைக் கண்டார். ராமன் விழித்துக்கொண்டார். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனைக் கூட வைத்துக்கொண்டு இராப்பகலாக வேலையில் இறங்கினார்.

அவர்கள் செய்த சோதனை மிக எளியது. வெயிலைத் தொலைநோக்கியின் கண்ணாடி வில்லை கொண்டு குவித்து, நீல ஊதாக் கண்ணாடி வழியே திரவத்துக்குள் செலுத்தினார்கள். பக்கவாட்டில் சிதறி வரும் ஒளியைப் பச்சைக் கண்ணாடி வழியே பார்த்தார்கள். உள்ளே போனது நீல ஊதா. பச்சைக் கண்ணாடியோ அதை விடாது. ஆகவே இருட்டுத்தான் தெரிய வேண்டும். ஆனால் அங்கே ஒளிக்கோடு ஒன்று தெரிந்தது! உள்ளே போகாத நிறம் வெளியே வந்திருந்தது. ஏறத்தாழ அறுபது திரவங்களில் பார்த்தார்கள், அத்தனையிலும் தெரிந்தது. 1928 பிப்ரவரி 28ஆம் நாள் நிறமாலைக் கருவி வழியே பார்த்து, அது புதிய ஒளி என்று உறுதி செய்துகொண்டார்கள். இந்தச் சோதனைக்கு ஆன செலவு சில நூறு ரூபாய்க்கு மேல் போகாது என்பார்கள்.

இதன் பொருள் என்ன? நம் களத்துக் கணக்கை வைத்தே சொல்லலாம். மூட்டை ஒன்று ஒரு களத்துக்குள் போகிறது. வெளியே வரும்போது ஒரு மரக்கால் குறைந்திருக்கிறது. அந்தக் களத்தில் எந்த மரக்கால் புழங்குகிறது என்று குறைந்த அளவை வைத்தே சொல்லிவிடலாம் அல்லவா? ஒளியும் அப்படித்தான். அது சிறு சிறு ஆற்றல் மூட்டைகளாகச் செல்கிறது. பொருளின் மூலக்கூறுகளோ ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஒளி மூட்டை மோதும்போது மூலக்கூறு தன் அதிர்வுக்கு வேண்டிய அளவை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஆற்றல் குறைந்தால் ஒளியின் நிறம் மாறுகிறது. சில சமயம் மூலக்கூறே தன்னிடமுள்ளதைக் கொடுத்து அனுப்புவதும் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு மரக்கால். நிறம் எவ்வளவு மாறியது என்று அளந்தால் பொருள் இன்னது என்று தெரிந்துவிடும். இப்படி நிறம் மாறி வருவது கோடிக்கு ஒன்று என்ற கணக்கில்தான். அந்தக் கோடியில் ஒன்றைக் கண்ணால் பிடித்தார்கள் அந்த மனிதர்கள்.

மாஸ்கோவிலும் அதே ஒளி

அதே 1928 பிப்ரவரியில் மாஸ்கோவிலும் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் என்ற இரு சோவியத் விஞ்ஞானிகள், படிகக்கல்லில் இதே ஒளியைக் கண்டார்கள். முதலில் அச்சேறியது ராமன், கிருஷ்ணன் ஆகியோரின் குறிப்பு. 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே கொடுக்கப்பட்டது. இதை வைத்துத் தேசப் பெருமை அடித்துக்கொள்வோரும் உண்டு, மனக்கசப்புப் பேசுவோரும் உண்டு. நாம் அப்படிப் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு கூட்டத்தார், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், ஒரே உண்மையை வந்தடைந்தார்கள். விஞ்ஞானம் மனித குலத்தின் பொதுச் சொத்து என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அதே சோவியத் நாடு 1957இல் ராமனுக்கு லெனின் சமாதானப் பரிசு அளித்துப் பெருமைப்படுத்தியது என்பதையும் தோழர்கள் மறக்கக் கூடாது.

ஸ்டாக்ஹோம் விழா மண்டபத்தில், பரிசு பெற்றவர்களுக்கு அவரவர் நாட்டுக் கொடி இருந்தது. ராமனுக்குக் கிடைத்தது பிரிட்டிஷ் கொடி. தன் நாட்டுக்கு ஒரு கொடிகூட இல்லையே என்று அவர் கண்ணீர் விட்டார். அந்தக் கண்ணீரை நாம் மதிக்கிறோம். அதற்கு முந்திய ஆண்டிலேயே வெள்ளை அரசாங்கம் கொடுத்த சர் பட்டத்தை அவர் ஏற்றுக்கொண்டிருந்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்தத் தலைமுறையின் முரண்பாடு அது.

மேதையின் மறுபக்கம்

1933இல் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்துக்கு முதல் இந்திய இயக்குநராகப் போனார். அடுத்த ஆண்டில் இந்திய விஞ்ஞான அகாதமியை நிறுவினார். ஹிட்லரின் பாசிசம் யூத விஞ்ஞானிகளை விரட்டியபோது, மாக்ஸ் போர்ன் என்ற ஜெர்மானிய மேதையை பெங்களூருக்கு அழைத்துவந்து நிலையான பதவி கொடுக்கப் பாடுபட்டார். அதிகாரத்தில் இருந்தவர்கள் இடம் கொடுக்கவில்லை. கழகத்துக்குள் சச்சரவு முற்றி, 1937இல் இயக்குநர் பதவியை விட்டார். பேராசிரியராக 1948 வரை இருந்து, பிறகு தம் பெயரில் சொந்த ஆராய்ச்சி நிலையம் கண்டார். 1954இல் பாரத ரத்னா வந்தது. வைரங்களையும், மலர்களின் நிறங்களையும் கடைசிவரை ஆராய்ந்துவந்தவர், 1970 நவம்பர் 21ஆம் நாள் பெங்களூரில் காலமானார்.

குறைகள் இல்லாதவர் அல்லர். 1933இல் கமலா சோஹோனி என்ற மாணவி பெங்களூர்க் கழகத்தில் சேர வந்தபோது, பெண் என்பதற்காகவே ராமன் இடம் மறுத்தார். அந்தப் பெண் நியாயம் கேட்டுப் போராடினார். ஒரு வருஷம் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம் என்ற நிபந்தனையோடுதான் சேர்த்துக்கொண்டார்கள். கமலா வென்று காட்டினார். கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டமும் பெற்றார். அதன்பின் பெண்களுக்குக் கதவு திறந்தது. ராமனிடமே ஆராய்ச்சி செய்த அன்னா மணி, பிற்காலத்தில் நாட்டின் வானிலைக் கருவிகளை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். ஆயினும் வைரத்தைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சிக்கு, எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தைக் காட்டிப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுக்க மறுத்துவிட்டது. மேதைகளும் தம் காலத்தின் அழுக்கைச் சுமக்கிறார்கள். அந்த அழுக்கைப் போராட்டந்தான் கழுவுகிறது.

இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். 1928இல் ராமன் புதிய ஒளியைக் கண்ட நாளில், கீழத்தஞ்சையில் உழுதவர்கள் பண்ணையாள்களாக இருந்தார்கள். சாட்டையடியும் சாணிப்பாலும் அவர்களுக்குக் கிடைத்த கூலி. பிறகு தோழர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் வந்து சங்கம் கட்டினார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அந்தச் சங்கத்தின் போராட்டமே நம் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. ராமன் பிறந்த வீட்டில் புத்தகம் தானாகவே இருந்தது. நம் வீட்டுக்குப் புத்தகம் வருவதற்கு ரத்தம் சிந்த வேண்டியிருந்தது.

வரப்போரத்தில் ஓடும் மின்சாரம்

ராமன் கண்ட ஒளி இன்று என்ன செய்கிறது? 1960இல் லேசர் ஒளி பிறந்தபின் அதன் பயன் பல மடங்கு பெருகியது. கையில் பிடிக்கும் அளவுக்குக் கருவி வந்துவிட்டது. மருந்து அசலா போலியா என்று குப்பியைத் திறக்காமலே அது சொல்லுகிறது. 2021இல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய அமெரிக்க ஊர்தி, அங்குள்ள பாறைகளை இதே ராமன் விளைவைக் கொண்டுதான் சோதிக்கிறது.

அதைவிடப் புதுமையான துறை ஒன்று இன்று வளர்ந்துவருகிறது. 2016ஆம் ஆண்டின் நோபல் பௌதிகப் பரிசு தௌலஸ், ஹால்டேன், கோஸ்டெர்லிட்ஸ் ஆகிய மூவருக்குக் கிடைத்தது. அவர்கள் பொருளின் இடவியல் நிலைகளை ஆராய்ந்தவர்கள். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். இட்லியை அமுக்கினாலும் நீட்டினாலும் அதில் ஓட்டை விழாது, பிய்த்தாலொழிய. உளுந்து வடையை எப்படி வளைத்தாலும் நடுவிலுள்ள ஓட்டை போகாது. சிறுசிறு நெளிவுகளால் மாறாத இந்தக் குணத்தைத்தான் இடவியல் என்கிறார்கள். சில பொருள்களில் எலெக்ட்ரான்களின் ஒழுங்கு இந்த வடையைப் போல அமைந்துவிடுகிறது. அப்போது நடப்பது விந்தை! பொருளின் உள்ளே மின்சாரம் பாய்வதில்லை. விளிம்பில் மட்டும் பாய்கிறது. நடு வயல் காய்ந்து கிடக்க, வரப்போர வாய்க்காலில் மட்டும் தண்ணீர் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் கல்லும் கட்டியும் கிடந்தாலும் தண்ணீர் திரும்பாமல் சுற்றிக்கொண்டு முன்னே போகிறது. அழுக்கும் பழுதும் அந்த ஓட்டத்தை எளிதில் திருப்ப முடியாது.

ஒளியையே இப்படி ஓடவைக்கலாம் என்று 2008இல் ஹால்டேனும் ராகுவும் எழுதினார்கள். 2009இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அதைச் செய்தே காட்டினார்கள். காந்தப் புலத்தில் சிறு தண்டுகளை வரிசையாக நட்டு, அவற்றின் ஓரத்தில் நுண்ணலைகளை விட்டார்கள். எதிரே உலோகத் தடுப்பை வைத்தபோதும் அலை திரும்பி வரவில்லை; தடுப்பைச் சுற்றிக்கொண்டு போயிற்று. 2013இல் அதே கழகத்தார், பிஸ்மத் செலினைடு என்ற இடவியல் பொருளின் மேல் சுழலும் ஒளியைப் பாய்ச்சினார்கள். ஒளி விழுந்த அந்தக் கணத்துக்கு மட்டும் எலெக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகளே மாறிவிட்டன. ஒளியை வீசிப் பொருளின் குணத்தையே மாற்றலாம் என்று தெரிந்தது. ஒளி மூட்டைக்குச் சுழற்சி உண்டு என்று சோதனையால் காட்ட முனைந்தவர்களில் முன்னோடிகள் யார் தெரியுமா? 1931இல் ராமனும் அவருடைய மாணவர் பகவந்தமும்தான்.

அணு அளவுத் தகடுகளை அடுக்கி இத்தகைய பொருள்களை மனிதன் இன்று கட்டுகிறான். கட்டியது சரிதானா, எத்தனை அடுக்கு, எங்கே இழுபட்டிருக்கிறது என்று சோதிக்கப் பயன்படுவதும் ராமன் ஒளியே. பழுதால் கலையாத கணிப்பொறிகளை இவற்றைக் கொண்டு செய்யலாம் என்பது விஞ்ஞானிகளின் நம்பிக்கை. அது இன்னும் கைகூடவில்லை, முயற்சி நடக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

2023 ஏப்ரலில் மத்திய மந்திரிசபை, தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6003 கோடி ரூபாய் ஒதுக்கியது. பெங்களூர், சென்னை, பம்பாய், டில்லி ஆகிய நான்கு இடங்களில் பெரிய கழகங்கள் அதற்கு மையங்கள். இதை நாம் வரவேற்கிறோம். மக்கள் வரிப்பணம் விஞ்ஞானத்துக்குப் போவது நல்லதே. ஆனால் அந்தக் கழகங்களின் வாசலுக்குள் யார் நுழைவார்கள்? தனிப்பயிற்சிக்கு லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுக்க முடிந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டுமா? முடிகொண்டான் ஆற்றங்கரையில் நடவுக்குப் போகும் அம்மாளின் மகளும் நுழைவாளா? கதை இங்கேதான் முடிச்சு விழுந்து கிடக்கிறது. கிராமத்துப் பள்ளியில் பௌதிகச் சோதனைச்சாலை இல்லாமல், கற்பிக்க ஆசிரியர் இல்லாமல், கோடிகளை உச்சியில் மட்டும் கொட்டினால், பழைய மிராசு புதிய உருவில் முளைக்கும். நிலத்துக்கு இருந்த மிராசு, அறிவுக்கும் வந்துவிடும்.

ஆகவே தோழர்களே, வரும் பிப்ரவரி 28ஆம் நாள் நம் படிப்பகங்களிலும் சங்கக் கட்டடங்களிலும் ஒரு காரியம் செய்யுங்கள். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் சில சொட்டுப் பால் விடுங்கள். இருட்டில் ஒரு பக்கமிருந்து டார்ச் விளக்கை அடியுங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் லேசான நீலம் தெரியும். விளக்குக்கு நேர் எதிரிலிருந்து பார்த்தால் வெளிச்சம் செம்மஞ்சளாகத் தெரியும். பகல் வானமும் அந்தி வானமும் அந்தத் தம்ளருக்குள் இருக்கின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்கவிடுங்கள். கேட்கும் பிள்ளையை அதட்டாதீர்கள். பெண் பிள்ளைகளை முன் வரிசையில் உட்கார வையுங்கள்.

அதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் சோதனைச்சாலை இருக்கிறதா, அறிவியல் ஆசிரியர் இடம் காலியாகக் கிடக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் கூலி உயர்வுக்கு மனு எழுதுவது போல அதற்கும் மனு எழுதுங்கள். கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். மனுவுக்குப் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று கீழத்தஞ்சைத் தோழர்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை!

ராமன் ஒளிக்கு மரக்கால் பிடித்து அளந்தார். அந்த ஒளியில் நம் பங்கு எவ்வளவு என்று அளந்து கேட்கும் வேலை நம்முடையது.